தூணுக்கும் காருக்கும் நடுவே ஓக்-ஜு

எங்கள் டேகு ஊர் ஆண்பிள்ளைகள் வீட்டுக்குள் வந்தால் மூன்றே பேச்சுதான் பேசுவார்கள் என்று நாடு முழுக்கக் கேலி உண்டு. "புள்ள எங்க?", "சோத்தப் போடு", "படுப்போம்." முட்டைக்கோஸ் லாரி ஓட்டும் சாங்-கில் அதிலும் ஒன்றைக் குறைத்துக்கொண்டவர். ஒரே மகள் சே-ரின் கல்யாணமாகி உல்சானுக்குப் போய்விட்டதால் முதல் கேள்விக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அப்படிப்பட்ட மனிதருக்கும் நெஞ்சு நிமிரும் இடம் ஒன்று உண்டு. ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியின் வாகன நிறுத்தம்தான் அது. காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே ஊசி நுழைய இடம் இருக்காது. பிந்தி வருகிறவர்கள் நிற்கிற வண்டிகளுக்குக் குறுக்கே தங்கள் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, கண்ணாடிக்குள் போன் நம்பரை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவன் குறுக்கே நிற்பதைக் கையால் தள்ளிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. நாங்கள் இப்படித்தான் பிழைக்கிறோம்.

இந்தத் தள்ளும் கலையில் சாங்-கில் ஒரு ராஜா. கையால் தள்ள மாட்டார்; திரும்பி நின்று முதுகைக் கொடுப்பார். தள்ளி முடித்ததும் முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டு, காருக்குள் உட்கார்ந்திருக்கும் மனைவி ஓக்-ஜுவை ஒரு பார்வை பார்ப்பார். "பார்த்தியா?" என்று கேட்க மாட்டார். கேட்டால் அன்றைய பேச்சுக் கணக்கு தீர்ந்துவிடுமே.

இரண்டாம் அடித்தளத்தின் மூலையில், லிப்ட்டுக்குப் பக்கத்தில், தூணை ஒட்டி இருக்கும் நீலக் கட்டம் அவர்களுடையது மாதிரியே ஆகிவிட்டது. நடக்க முடியாதவர்களுக்கான கட்டம் அது. ஓக்-ஜுவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. மேற்குச் சந்தையில் நூடுல்ஸ் கடை வைத்திருந்தவள், மாவு மூட்டை எடுக்கப் பரண் ஏறி, ஏணியோடு சிமெண்டுத் தரையில் விழுந்தாள். முதுகெலும்பு போயிற்று. கடை போகவில்லை. பலகையைத் தாழ்த்திப் போடச் சொல்லி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாவு பிசைந்தாள், உருட்டினாள், கத்தியால் நறுக்கினாள். நெத்திலிச் சாறும் பச்சை மிளகாயுமாக அவள் கொடுக்கும் கிண்ணத்துக்கு இன்றைக்கும் வரிசை நிற்கிறது. கால் செய்த வேலையையும் சேர்த்துத் தோள்கள் எடுத்துக்கொண்டன. அவள் தோளைப் பார்த்துவிட்டுச் சந்தையில் எவனும் சில்லறைக்குத் தகராறு செய்வதில்லை.

அந்தக் கட்டத்தில் நிறுத்த அனுமதியாகக் காரில் ஒட்டியிருந்தது வெள்ளை வட்ட ஸ்டிக்கர். வெள்ளை என்றால், நடக்க முடியாதவரைக் கவனித்துக்கொள்ளும் 'பாதுகாவலர் ஓட்டுகிறார்' என்று அர்த்தம். சாங்-கில் அதை மெடல் மாதிரி துடைத்து வைத்திருப்பார். ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் போதாது, நடக்க முடியாதவர் வண்டிக்குள் இருக்க வேண்டும். அம்மா பெயரில் வாங்கிய ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு துள்ளிக் குதித்து இறங்குகிற மகன்கள் உண்டு. சாங்-கில் கண்ணில் பட்டால் தொலைந்தார்கள். உடனே போனில் படம் எடுத்து நகராட்சிக்கு அனுப்பிவிடுவார். அபராதச் சீட்டு வீடு தேடிப் போகும்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஒரு நாள் ஓக்-ஜுவை மேலே சிகிச்சையில் விட்டுவிட்டு, அவளுக்குக் கஞ்சி வாங்க வெளியே போய், தனியாகத் திரும்பி வந்து அதே நீலக் கட்டத்தில் நிறுத்தினார். எவனோ படம் எடுத்துவிட்டான். அபராதச் சீட்டு வந்தபோது ஓக்-ஜு சிரித்த சிரிப்பில் மாவெல்லாம் பறந்தது. "அந்தக் கஞ்சிதான் இந்த ஊர்லயே விலை ஒசந்த கஞ்சி," என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சாங்-கில் மீசையில் மண் ஒட்டாதவர் போல அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

பிறகு, அவர் கோஸ் ஏற்ற மலை நாட்டுப் பக்கம் போயிருந்த ஒரு மாதத்தில், ஓக்-ஜு கையாலேயே ஓட்டும் பயிற்சிக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். காரில் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு நெம்புகோல் முளைத்தது. இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். கார் ஆரம்பத்திலிருந்தே அவள் பெயரில்தான் இருந்தது, வரிச் சலுகைக்காக. வெள்ளை ஸ்டிக்கர் போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் என்றால் 'தானே ஓட்டுகிறார்'. பழையதைச் சாங்-கில்தான் நகத்தால் சுரண்டி எடுத்தார். முகத்தைப் பார்க்க வேண்டுமே. யாரோ அவர் பதவியைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

அவள் ஓட்டும்போது அவர் ஒரு தடவைகூட ஏறவில்லை. "அடுத்தவன் வண்டியில கண்ண மூடுறவன் டிரைவரே இல்ல. மூடாம உட்கார்ந்து வந்தா எனக்குக் கண்ணு வலிக்கும்," என்று ஒரு காரணம் சொன்னார். அவள் காய்கறி வாங்க, தேவாலயம் போக என்று தனியாகவே ஓட்டினாள்.

இந்த வசந்தத்தில், பூ உதிரும் சமயத்தில், லாரியிலிருந்து கூடை இறக்கும்போது சாங்-கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் இரண்டில் அடைப்பு. டாக்டர் படத்தைக் காட்டினார். ஒன்று நூலாக இளைத்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வந்துடுங்க, மணிக்கட்டு வழியா குழாய் விட்டு சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, எதையும் தள்ளக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. கோபமும் படக் கூடாது."

"கடைசிய விட்டுட்டு மத்தத சொல்லுங்க டாக்டர்," என்றாள் ஓக்-ஜு.

டாக்டர் சிரிக்கவில்லை. "வெளையாட்டு இல்லம்மா. இந்த நிலைமையில ஒரு தடவை மூச்சுப் பிடிச்சுத் தம் கட்டினாருன்னா, அதோட போனாலும் போயிடுவாரு. செவ்வாய்க்கிழமையத் தவற விட்டா, நான் வெளிநாடு போயிட்டு அறுவடைப் பண்டிகைக்கு அப்புறம்தான் வருவேன்."

அன்று ராத்திரி அவள் சமையல் பலகையில் சாவியை வைத்தாள். "செவ்வாய்க்கிழமை நான் ஓட்டுறேன்."

"டாக்ஸியில போறேன்."

"என் நாற்காலிய ஏத்த அந்த டாக்ஸிக்காரன் மூஞ்சியச் சுளிப்பான், நீங்க அவன்கிட்டச் சண்டைக்குப் போவீங்க, அங்கயே நெஞ்சு நின்னுடும். பேசாம ஏறுங்க."

சே-ரினுக்குக் கைக்குழந்தை. வேறு ஆள் இல்லை. சாங்-கில் பேசாமல் ஏறினார்.

ஏறினார் என்று சொல்லிவிட்டேன். அவர் வலது கால் ஏறவில்லை. அது வழி முழுக்க இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. கண்ணை இமைக்காமல் சாலையைப் பார்த்தார். "சிக்னல்." "தெரியுது." "பஸ்." "அது நிக்குது சே-ரின் அப்பா, பஸ் ஸ்டாப்புல பஸ் நிக்காம ஆடுமா?" அவள் ஒரு கையில் நெம்புகோல், ஒரு கையில் ஸ்டியரிங் குமிழ் என்று சாவகாசமாக வந்தாள். இத்தனை நெரிசலில் ஒரு உலுக்கல் இல்லை. அதைச் சாங்-கில் கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் 'இடமில்லை' என்ற சிவப்பு எழுத்து எரிந்தது. மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்துக் காவலாளி உள்ளே போகும்படி கையை வீசினார். சரிவில் இறங்கி இரண்டாம் அடித்தளத்துக்கு வந்து மூலையில் திரும்பினால், அவர்களுடைய நீலக் கட்டம் காலியாக இருக்கிறது. கட்டத்துக்குக் குறுக்கே, அதன் வாயை அடைத்துக்கொண்டு, ஒரு சாம்பல் நிறக் கார்.

நீலக் கட்டத்துக்குக் குறுக்கே நிறுத்துவதற்கு அபராதம் இன்னும் பெரிசு. ஊருக்கே தெரியும். சாங்-கில்லின் காது சிவந்தது.

"கோபப்படாதீங்க," என்றாள்.

"படல."

"காது தெரியுது."

கண்ணாடிக்குள் இருந்த நம்பருக்கு ஓக்-ஜு போன் போட்டாள். உடனே மணி அடித்தது. மிகப் பக்கத்தில் அடித்தது. அந்தச் சாம்பல் காரின் முன் இருக்கையிலேயே ஒரு போன் மினுங்கிக்கொண்டு, குழந்தைப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு கிடந்தது.

"நம்பர வெச்ச புண்ணியவாளன் போனையும் சேர்த்து வெச்சுட்டான்," என்றார் சாங்-கில். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டு ஓக்-ஜுவே திரும்பிப் பார்த்தாள்.

தூணில் இருந்த பொத்தானை அமுக்கி, சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் காவலாளியிடம் பேசினார்கள். "மேல ரெண்டு வண்டி உரசிக்கிட்டு நிக்குதும்மா, ரெண்டு பேரும் சட்டையப் பிடிச்சிருக்காங்க. விலக்கி விட்டுட்டு வரேன்." எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அந்த மூலை முட்டுச் சந்து. மற்ற வண்டிகள் நேராகக் கீழ்த் தளத்துக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. அவளுடைய காரை அங்கேயே வழியில் விட்டுவிட்டும் போக முடியாது.

"நீங்க லிப்ட்டுல போங்க. நான் நிறுத்திட்டு வரேன்," என்றாள்.

"உன்ன இங்க விட்டுட்டா?"

"என்ன யாரு தூக்கிட்டுப் போகப்போறா? நாற்காலியோட கனம் தாங்காது."

"போக மாட்டேன்." அவர் கதவைத் திறந்து இறங்கினார். எந்தப் பக்கம் போகிறார் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. மெல்ல நடந்து சாம்பல் காருக்குப் பின்னால் போய், வழக்கம்போலத் திரும்பி நின்று, முதுகை அதன்மேல் வைத்தார்.

"சாங்-கில்!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. முதுகு காரிலிருந்து தானாக விலகியது.

"அந்த வண்டிய ஒரு சாண் தள்ளினீங்கன்னா, உங்க பிணத்தையும் நான்தான் தள்ளிக்கிட்டுப் போகணும். விலகுங்க. தூணுகிட்ட போயி நில்லுங்க."

"அப்ப யாரு தள்ளுறது?"

அவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பின் இருக்கைக்குக் கையை நீட்டி, நாற்காலியின் சட்டத்தை ஒற்றைக் கையால் இழுத்து, தன் மார்பைத் தாண்டி வெளியே இறக்கினாள். ஒரு சக்கரத்தை மாட்டினாள், டக். இன்னொன்று, டக். மெத்தையைப் போட்டாள். இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். சாங்-கில் உதவிக்கு எடுத்த அடி பாதியில் நின்றது. இத்தனை வருஷமாக இந்த வேலையை அவர்தான் செய்தார். அவளுக்கு முன்னால் முந்திக்கொண்டு ஓடிச் செய்தார். அவள் தானே செய்து அவர் பார்த்ததே இல்லை. பார்க்க விட்டதில்லை என்றும் சொல்லலாம்.

அவள் சாம்பல் காருக்குப் பின்னால் போய் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினாள். கார் அசையவில்லை. நாற்காலிதான் சர்ரென்று பின்னால் போயிற்று. மறுபடி தள்ளினாள். மறுபடி நாற்காலிதான் போயிற்று. யாராவது பார்த்தால் கார்தான் அவளைத் தள்ளுகிறது என்று நினைப்பார்கள்.

"வா, விடு. காவலாளி வரட்டும்," என்றார் சாங்-கில். மணி எட்டேமுக்கால் ஆகியிருந்தது.

ஓக்-ஜு சுற்றிப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். தூணுக்கும் காரின் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சக்கர நாற்காலி மட்டும் நுழையும் இடம் இருந்தது. "தூண விட்டு நகருங்க," என்றாள். நாற்காலியை அந்தச் சந்துக்குள் பின்னோக்கி விட்டாள். முதுகுச் சட்டம் தூணில் மோதி நின்றது. சக்கரங்களைப் பூட்டினாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். அவளுக்கு ஆஸ்பத்திரித் தூண் கிடைத்தது. இப்போது பின்னால் போக வழி இல்லை. உள்ளங்கைகளைக் காரின்மேல் விரித்து வைத்து, காலையில் முதல் உருண்டை மாவில் சாய்வது போலச் சாய்ந்தாள்.

கார் ஒரு விரற்கடை நகர்ந்து திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தது.

அப்போதுதான் சாங்-கில்லுக்கு வாய் வந்தது. "ஒரேயடியாத் தள்ளாத! ஆட்டி விடு. போகும், திரும்பி வரும், வரும்போது விடு, மறுபடி போகும்போது குடு. ஊஞ்சல ஆட்டுற மாதிரி. முதல் அசைவுதான் கனம்!"

"இத இவ்வளவு வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல!"

"நீங்க எறங்கவே விடல!"

சண்டை போட்டுக்கொண்டே தள்ளினாள். கொடுத்தாள், விட்டாள். கொடுத்தாள், விட்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. சட்டைத் தையல் தோளில் பிரிந்த சத்தம் கேட்டது. சாங்-கில் பழக்கதோஷத்தில் போனை எடுத்து, குற்றவாளிக் காரின் நம்பரைப் படம் எடுக்கப் பிடித்திருந்தார். படத்துக்குள் நம்பர் இல்லை. தூணும், அவளும், அவள் இரண்டு கைகளும்தான் இருந்தன. அவர் விரல் தானாக அழுத்தியது.

நாலாவது ஆட்டத்தில் கார் போயிற்று. திரும்பி வரவில்லை. சத்தம் இல்லாமல், கல்யாணப் பெண் போல மெல்ல மெல்ல உருண்டு, நீலக் கட்டத்தின் வாயைத் தாண்டி, முட்டுச் சுவரின் ரப்பர் பட்டையை முத்தமிட்டு நின்றது.

சாங்-கில் அசையாமல் நின்றார். பனியில் சறுக்கிய லாரியைப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தியவர் அவர். கடலில் புயல் எழும்பியதைக் கரையிலிருந்து பார்த்தவர். இப்படி ஒரு மலைப்பு அவருக்கு எங்கேயும் வந்ததில்லை. ஒரு டன்னுக்கு மேல் இரும்பு, அதை உட்கார்ந்துகொண்டே நகர்த்திய ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குத்தான் அவர் இத்தனை காலம் கதவைத் திறந்துவிட்டு, சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு, "நீ சும்மா இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் ஏதோ அடைத்தது. டாக்டர் சொன்ன அடைப்பு இல்லை அது.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளங்கையைப் பார்த்தாள். "அழுக்குக் கார். கழுவி எத்தன மாசமாச்சோ." திரும்பக் காரில் ஏறினாள், நாற்காலியைப் பிரித்து உள்ளே போட்டாள், பின்னோக்கி ஒரே வளைவில் நீலக் கட்டத்தின் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். வழக்கமான சாங்-கில்லாக இருந்திருந்தால் "கோணல்" என்றிருப்பார். அவர் ஓரடி தள்ளி நின்று, அவள் நாற்காலியை மறுபடி இறக்கி மாட்டுவதை முழுசாகப் பார்த்தார்.

மேலே இதயப் பிரிவில் நுழைந்தபோது அவர் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் கையில் காகிதத்தோடு வந்தாள். நாற்காலியில் இருந்த ஓக்-ஜுவைப் பார்த்தாள், நின்றுகொண்டிருந்த சாங்-கில்லைப் பார்த்தாள். "நோயாளி அம்மாவ உள்ள கூட்டிட்டு வாங்க."

"நோயாளி நான்."

"ஓ, மன்னிச்சுக்குங்க ஐயா. அப்ப உங்க பாதுகாவலர் எங்க? கையெழுத்துப் போடணும்." சொல்லிக்கொண்டே ஓக்-ஜுவின் தலைக்கு மேலாக வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு ஓக்-ஜு பழகியவள். பேனாவுக்காகக் கையை நீட்டப் போனாள். அதற்குள் சாங்-கில் பேசினார். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, கோஸ் மண்டியில் ஏலம் கூவுகிற குரலில் பேசினார்.

"அங்க யாரம்மா பாக்குற? என் பாதுகாவலர் இதோ இருக்கா. என்னை ஓட்டிக்கிட்டு வந்தது இவ. இப்பக் கீழ ஒரு காரத் தள்ளிட்டு வந்திருக்கா. ஒத்த ஆளா. உட்கார்ந்துகிட்டே!"

"கத்தாதீங்க, நெஞ்சு," என்றாள் ஓக்-ஜு. அவள் காது சிவந்திருந்தது.

உள்ளே, மணிக்கட்டில் குழாய் போகும்போது, அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. "வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல. ஊஞ்சல் மாதிரி ஆட்டினா டாக்டர். நாலே ஆட்டத்துல."

"மருந்து கொஞ்சம் ஏறிடுச்சு போல," என்றார் டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம்.

அடைப்பு திறந்தது. இரண்டும். மறுநாள் காலையில் டாக்டர் பார்க்க வந்தபோது சாங்-கில் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு ஓக்-ஜுவுக்குத் தலை குனிந்து வணங்கினார்.

சாம்பல் காரின் சொந்தக்காரி சத்துப் பானப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, தன் போனில் பதிவாகியிருந்த ஓக்-ஜுவின் நம்பரில் விசாரித்து வார்டு தேடி வந்தாள். மயங்கிய மாமியாரைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் போன் மறந்துவிட்டதாம். இடுப்பு ஒடிய ஒடியக் குனிந்தாள். ஓக்-ஜு மூச்சைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். நகராட்சிக்குப் படம் அனுப்பாமல் அவர் யாரையும் விட்டதில்லை.

"மாமியார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் சாங்-கில். "அடுத்த தடவ போனக் கையில எடுத்துட்டுப் போம்மா." எடுத்த படத்தில் நம்பர் விழவில்லை என்று பிறகு ஓக்-ஜுவிடம் சமாதானம் சொன்னார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் நேராகப் போய்ப் பயணி இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அவள் நெம்புகோலை இழுத்தாள். சரிவில் ஏறி வெளிச்சத்துக்கு வந்தார்கள். முதல் சிக்னலில் அவள் அவர் காலைப் பார்த்தாள். இல்லாத பிரேக்கை மிதிக்காமல் அது சும்மா கிடந்தது. "சிக்னல்" என்று சொல்லவும் இல்லை. என்னமோ ஏதோ என்று பதறிப்போய் முகத்தைப் பார்த்தாள்.

சாங்-கில் வாயைத் திறந்தபடி, நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பச்சை விழுந்ததும் அவள் வண்டியை அலுங்காமல் எடுத்தாள்.